நான்கு மாத சீசன், பன்னிரண்டு மாதச் செலவு: படகுத் தொழிலை வாங்கலாமா?

இந்த முறை பதிலுக்கு எடுத்துக்கொண்டது ஒரு பெண் வாசகரின் நீண்ட கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 43 வயது, கணவருக்கு 46. இருவருமே சம்பள வேலையில் இருக்கிறார்கள். ஒரு ஏரிக்கரையில் கயாக், பெடல் படகு, நின்றபடி துடுப்புப் போடும் பலகை ஆகியவற்றை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சிறு தொழில் விலைக்கு வந்திருக்கிறது. சீசன் சுமார் 110 நாள். வரவில் 60 சதவீதம் சனி, ஞாயிறுகளில் வருகிறது. இதுவரை நடத்தியவர் வயதாகிவிட்டது, போதும் என்கிறார். தொழில் ஒரு சிறிய கம்பெனியின் பெயரில் இருக்கிறது. ஷேர்களை மொத்தமாக மாற்றித் தந்துவிடுகிறேன், குத்தகை, லைசென்ஸ் எல்லாம் தானாக உங்களுக்கு வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். கரையில் உள்ள இடம் உள்ளாட்சி அமைப்பிடமிருந்து எடுத்த குத்தகை. இன்னும் 2 ஆண்டு பாக்கி. தண்ணீரில் படகு விடுவதற்கான அனுமதி தனி. அதன் நகலைக் கடிதத்தோடு இணைத்திருக்கிறார்.

தொகைகளை அப்படியே வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், ஆண்டு வரவை 100 என்று வைத்து மற்றவற்றை அந்த விகிதத்தில் மாற்றியிருக்கிறேன். கணக்குப்படி செலவு 60, லாபம் 40. கேட்கும் விலை 140. ‘கணக்கில் வராத ரொக்கம் இன்னும் 30 இருக்கிறது. நிஜ லாபம் 70. இரண்டே வருஷத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்’ என்பது விற்பவரின் கணக்கு. பாதி விலையைச் சேமிப்பிலிருந்தும் மீதியை வீட்டை அடமானம் வைத்து 5 ஆண்டுக் கடனாகவும் கட்டத் திட்டம். கணவர் ஏற்கெனவே கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிட்டார். இன்னொரு பார்ட்டி காத்திருக்கிறது, சீசனுக்கு முன்பே பத்திரத்தை முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்கள்.

வாசகர் கேட்பது இரண்டு. விலை நியாயமா? ‘நீ எல்லாவற்றுக்கும் பயப்படுகிறாய்’ என்கிறார் கணவர். நான்தான் குறுக்கே நிற்கிறேனா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் விலையைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்குக் குத்தகையைப் பற்றிக் கவலைப்படவில்லை. தொழில்கள் கை மாறும்போது பத்திரம் பார்க்கும் வழக்கறிஞன் நான். சீசன் தொழில்களில் பேரம் எப்போதும் விலையில் நடக்கிறது, வழக்கு பெரும்பாலும் இடத்திலும் அனுமதியிலும்தான் வருகிறது.

அதற்கு முன் ஒரு அவசர வேலை. முன்பணத்துக்கு வாங்கிய துண்டுச் சீட்டில், ‘வாங்காவிட்டால் திருப்பித் தரப்படும்’ என்றும் இல்லை, ‘திருப்பித் தரப்படாது’ என்றும் இல்லை. இப்படி மௌனமாக இருக்கும் சீட்டுதான் பின்னால் சண்டையாகும். இன்றே விற்பவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்: இந்தத் தொகை, கணக்குகளையும் ஆவணங்களையும் சரிபார்ப்பதற்கு உட்பட்டுக் கொடுக்கப்பட்டது, எழுத்து ஒப்பந்தம் ஏற்படாவிட்டால் முழுவதும் திரும்ப வர வேண்டும். நான்கு வரி போதும். அவர் ‘சரி’ என்று பதில் போட்டால் அதைப் பத்திரமாக வையுங்கள். போடவில்லை என்றால் மேற்கொண்டு ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம்.

வாங்குவது எதை?

படகுகளைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். டிக்கெட் மேசை, துடுப்பு, குடை எல்லாமே விலைக்குக் கிடைப்பவை. கடையில் கிடைக்காதது ஒன்றுதான்: அந்த ஏரியில், அந்தக் கரையில், அந்த 110 நாளும் படகு விடும் உரிமை. நீங்கள் 140 கொடுப்பதில் பெரும்பங்கு இந்த உரிமைக்குத்தான். அதன் ஆயுள் இப்போதைக்கு 2 ஆண்டு. கடனின் ஆயுள் 5 ஆண்டு. குத்தகை முடிந்த பிறகும் 3 ஆண்டு தவணை கட்ட வேண்டியிருக்கும். குத்தகை புதுப்பிக்கப்படலாம், வாடகை கூடலாம், புதிதாக ஏலம் விடலாம், வேறொருவருக்கே கொடுத்துவிடலாம். ‘இத்தனை வருஷமாக எனக்குத்தான் கொடுத்து வருகிறார்கள்’ என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அது அவருக்கு, உங்களை அவர்கள் இன்னும் பார்த்ததே இல்லை.

அடுத்தது ஷேர் விஷயம். கம்பெனியின் ஷேர்களை வாங்கினால் கம்பெனி பெயரில் உள்ளவை கம்பெனியோடே இருக்கும் என்பது சரிதான். ஆனால் இரண்டு இடத்தில் இது சறுக்குகிறது. குத்தகைப் பத்திரங்களில், கம்பெனியின் உரிமை கை மாறினாலே இட உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று ஒரு ஷரத்து இருப்பது வழக்கம். உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதுதான் பெரியது. நீங்கள் இணைத்திருக்கும் படகு அனுமதியின் நகலில், அனுமதி பெற்றவர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயர் இல்லை. விற்பவரின் சொந்தப் பெயர்தான் இருக்கிறது. அப்படியானால் நூறு சதவீத ஷேரை வாங்கினாலும் அது உங்களுக்கு வராது. அவர் வீட்டுக்குப் போகும்போது அனுமதியும் கூடவே போய்விடும்.

ஷேர் வாங்குவதில் இன்னொரு பக்கமும் உண்டு. கம்பெனியின் பழைய பாவமெல்லாம் சேர்ந்து வரும்: கட்டாத வரி, தராத சம்பளம், இன்னும் வராத வழக்கு. இரண்டு வருஷத்துக்கு முன் படகில் கை முறிந்த ஒரு சிறுவன் இருந்தால், பல நாடுகளின் சட்டப்படி வழக்குப் போடும் காலக்கெடு அவனுக்கு வயது வந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். அந்த நோட்டீஸ் உங்கள் முகவரிக்கு வரும். இதற்கு மாற்றாக, கம்பெனியைத் தொடாமல் படகுகள், பெயர், முன்பதிவுகள் என்று சொத்துகளை மட்டும் பட்டியல் போட்டு வாங்கலாம். பழைய கடன்களில் பெரும்பாலானவை விற்பவரோடு நின்றுவிடும். ஊழியர்களின் பழைய பாத்தியதைகள் சில நாடுகளில் தொழிலோடு சேர்ந்தே வரும், அதை மட்டும் தனியாக விசாரியுங்கள். இந்த வழியில் குத்தகையும் அனுமதியும் உங்கள் பெயரில் புதிதாக எழுதப்பட வேண்டும். அனுமதி எப்படியும் புதிதாகத்தான் எடுக்க வேண்டும் என்றால், ஷேர் வழியில் போவதற்கு விற்பவர் சொன்ன காரணமே அடிபட்டுப் போகிறது. உங்கள் நிலையில் நான் சொத்து வாங்கும் வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

எந்த வழியானாலும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை கட்டாயம் இருக்கட்டும். குறைந்தது கடன் தீரும் காலம்வரை குத்தகை நீட்டிக்கப்பட்டு, படகு அனுமதி உங்கள் பெயரில் வந்த பிறகே விலை கை மாறும். அதுவரை இருவருக்கும் கட்டாயம் இல்லை.

கணக்கில் 40, வாயில் 70

‘கணக்கில் வராத 30’ என்பதை விலை பேசும்போது பூஜ்யமாக வையுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வங்கி அதை வருமானமாக எடுத்துக்கொள்ளாது, நாளை நீங்கள் விற்கும்போது காட்டவும் முடியாது, ஷேர் வழியில் வாங்கினால் அந்த 30-க்கு உரிய வரிப் பிரச்சினையையும் சேர்த்து வாங்குகிறீர்கள். வரி அதிகாரிக்கு ஒரு கணக்கு, வாங்க வந்தவருக்கு ஒரு கணக்கு வைத்திருப்பவரிடம் மூன்றாவது கணக்கு ஒன்று இருக்காது என்று நாமாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனாலும் நிஜ வரவு எவ்வளவு என்று பார்க்க வழி இருக்கிறது. படகில் ஏறும் ஒவ்வொருவரிடமும் ‘என் சொந்தப் பொறுப்பில் ஏறுகிறேன்’ என்று படிவத்தில் கையெழுத்து வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படிவக் கட்டுகளைக் கேளுங்கள். போன சீசனில் ஒரு நல்ல ஞாயிறு, ஒரு மந்தமான செவ்வாய், ஒரு மழை நாள் என்று நீங்களே தேதி சொல்லி எடுத்து எண்ணுங்கள். ஆள் எண்ணிக்கையை வாடகையால் பெருக்கி, அன்றைய ரொக்கப் புத்தகத்தோடும் கார்டு மெஷின் அறிக்கையோடும் ஒப்பிடுங்கள். அப்புறம் இன்சூரன்ஸ் பாலிசியைப் பாருங்கள். விபத்துப் பொறுப்புக்கான பிரீமியத்தை ஆண்டு வரவையோ ஆள் எண்ணிக்கையையோ வைத்துக் கணக்கிடும் கம்பெனிகள் பல. அங்கே அவர் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்? குறைத்து எழுதியிருந்தால் பாலிசியே ஒரு விபத்து நேரத்தில் கைவிட்டுவிடக்கூடும்.

சரி, கணக்கில் உள்ள 40-க்கு வருவோம். அதுவும் முழு லாபம் இல்லை. விற்பவரும் மனைவியும் சீசன் முழுக்கக் கரையில் நிற்கிறார்கள், இருவருக்கும் சம்பளம் எழுதவில்லை. அதே வேலைக்கு ஆள் வைத்தால், நீங்கள் தந்த கூலி விவரப்படி ஒருவருக்கு 8 ஆகிறது. இருவருக்கு 16. மிச்சம் 24. படகு, லைஃப் ஜாக்கெட், துடுப்பு ஆகியவற்றைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருக்க ஆண்டுக்கு 8 ஒதுக்குவோம். (அவருடைய கணக்கில் இந்த இனத்தில் சில ஆண்டுகளாக எதுவுமே இல்லை. படகுகளைப் பார்க்கும்போது காரணம் தெரிந்துவிடும்.) மிச்சம் 16. நீங்கள் வாங்கப்போகும் கடன் 70. அசலை மட்டும் 5 ஆண்டில் அடைக்கவே ஆண்டுக்கு 14 வேண்டும். வட்டி 10 சதவீதம் என்றால் முதல் ஆண்டில் அதுவே 6-க்கு மேல். ஆக, எல்லாம் நல்லபடியாக நடந்த ஆண்டிலேயே கையைக் கடிக்கிறது.

‘ஆள் கூலிக்குக் கழித்த அந்த 16-ஐ நாங்களே உழைத்து எடுத்துக்கொள்வோமே’ என்று உங்கள் கணவர் சொல்வார். எடுத்துக்கொள்ளலாம். அது உங்கள் கூலி, முதலீட்டின் பலன் அல்ல. அதோடு, வேலையை விடாமல் இருவரும் வார நாட்களில் கரையில் நிற்க முடியாது. வேலையை விட்டால் இழக்கும் சம்பளத்தை இந்த 16-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மழையின் கணக்கு இன்னும் கடுமையானது. 110 நாளில் சனி, ஞாயிறு சுமார் 32 நாள்தான். அவற்றில் 60 வருகிறது என்றால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 2. நான்கு வார இறுதிகள் மழையில் போனால் 15 போய்விடும். குத்தகை குறையாது, இன்சூரன்ஸ் குறையாது, சீசனுக்கு என்று பேசி வைத்த ஆளின் சம்பளமும் குறையாது. 100-லிருந்து 15 குறைவது வரவில் சின்ன சரிவு மாதிரித் தெரியும். லாபமோ 40-லிருந்து 25-க்கு வந்துவிடும். இதனால்தான் மூன்று ஆண்டுக் கணக்கு போதாது என்கிறேன். ஏழு, எட்டு ஆண்டு கேளுங்கள். 2020, 2021 இரண்டையும் தனியாக வையுங்கள். ஊரடங்கில் மூடிக் கிடந்த இடங்களும் உண்டு, திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கு மட்டும் கூட்டம் அலைமோதிய இடங்களும் உண்டு. இரண்டுமே வழக்கமான ஆண்டுகள் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் சீசன் எந்தத் தேதியில் திறந்து எந்தத் தேதியில் மூடியது என்றும் கேளுங்கள். மழை மட்டும்தான் படகை நிறுத்தும் என்றில்லை. நீர்மட்டம் இறங்கிப் படகுத்துறை சேற்றில் நின்ற ஆண்டு இருக்கும். நீலப்பச்சைப் பாசி படர்ந்து நீரில் இறங்கத் தடை போட்ட வாரங்கள் இருக்கும். ஏரியைப் பராமரிக்கும் அலுவலகத்தில் விசாரித்தால் விற்பவரைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

இணையத்தில் முன்பதிவு வைத்தால் வரவை 30 சதவீதம் கூட்டிவிடலாம் என்று கணவர் கணக்குப் போட்டிருக்கிறார். நல்ல சீசனில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு படகும் காலியாக இல்லை, வரிசை நிற்கிறது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முன்பதிவு அந்த வரிசையை ஒழுங்குபடுத்தும். இன்னொரு ஞாயிற்றுக்கிழமையை உண்டாக்காது. வளர இடம் இருப்பது வார நாட்களில்தான். பள்ளிக் குழுக்கள், அலுவலகக் குழுக்கள், துடுப்புப் பயிற்சி வகுப்பு என்று ஆள் பிடிக்க வேண்டும். அது உங்கள் உழைப்பு. நாளைய உங்கள் உழைப்புக்கான விலையை இன்று விற்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. உரிமையாளரே நின்று நடத்தும் சிறு தொழில்களுக்கு, ஒரு உரிமையாளரின் உழைப்புக்குக் கூலி கழிக்காத வருமானத்தைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு என்று விலை பேசுவது பரவலான வழக்கம். இங்கே இருவர் உழைப்பதால் ஒருவர் கூலியைக் கழிக்க வேண்டும்: 40-ல் 8 போக 32. அப்படியானால் 64-க்கும் 96-க்கும் இடையில். குத்தகை நீண்ட காலத்துக்கு உறுதியாகி, படகுகளும் நல்ல நிலையில் இருந்தால் மேல் பக்கம். இல்லாவிட்டால் கீழ்ப் பக்கம். குத்தகை நீட்டிப்பே கிடைக்கவில்லை என்றால் இந்த வாய்ப்பாடு செல்லாது. அப்போது பழைய படகுகளின் விலைதான் விலை. 140 என்பது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

படகை எப்படிப் பார்ப்பது

‘24 படகு, எல்லாம் நல்ல நிலையில்’ என்று ஒரே வரியில் பட்டியல் கொடுத்திருக்கிறார். ஏற்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எண், வாங்கிய ஆண்டு, நிலை என்று வேண்டும். வாடகைக் கயாக்குகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் வார்த்தவை. வெயில் பட்டுப் பட்டு நிறம் வெளுக்கும், விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரிப் பொடி ஒட்டும், கடைசியில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்தின் நடுக்கோட்டைத் தடவிப் பாருங்கள். கரையில் இழுத்து இழுத்தே அங்கு தேய்ந்து மெலிந்திருக்கும், குறிப்பாகப் பின்முனையில். இந்தப் பிளாஸ்டிக்கில் பசை சரியாக ஒட்டாது, உருக்கித்தான் ஒட்ட வேண்டும். பெடல் படகை இருவர் சேர்ந்து ஒரு பக்கம் தூக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கனத்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது.

லைஃப் ஜாக்கெட்டில் உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். ஐஎஸ்ஓ 12402 என்ற சர்வதேசத் தரத்தில் 50 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு) வகை, நீந்தத் தெரிந்தவர்களுக்கு, கரையோ உதவியோ பக்கத்திலேயே உள்ள இடத்துக்கு என்று வகுக்கப்பட்டது. காற்று, அலை தாக்காத அமைதியான நீர்ப்பரப்பில் உதவிக்குக் காத்திருக்க நேரிடுபவர்களுக்கு 100 நியூட்டன். ஏரிக்கு வரும் குடும்பங்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. அங்கே தொங்குவதெல்லாம் 50 நியூட்டன் என்றால் மொத்தத்தையும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். சீட்டே படிக்க முடியாத அளவுக்கு வெளுத்திருந்தாலும் அப்படித்தான். குழந்தைகள் அளவு போதுமானது இருக்கிறதா என்றும் எண்ணிவிடுங்கள்.

கையெழுத்து காப்பாற்றுமா?

‘எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவதால் விபத்து நடந்தாலும் நமக்குப் பொறுப்பு இல்லை’ என்று விற்பவர் சொன்னதை நீங்கள் அப்படியே நம்பியிருக்கிறீர்கள். ஆபத்தை முன்கூட்டியே எச்சரித்தோம் என்று காட்ட அந்தப் படிவம் உதவும். நடத்துபவரின் கவனக்குறைவை அது மூடி மறைக்காது. பிரிட்டனில் 1977-ஆம் ஆண்டு முதலே, கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் தொழில் நடத்துபவர் இப்படி ஒரு தாளைக் காட்டிப் பொறுப்பைக் கழிக்க முடியாது என்று சட்டம் இருக்கிறது. வேறு நாடுகளில் அளவு கூடக் குறைய இருக்கும். குழந்தைக்காகப் பெற்றோர் போட்ட கையெழுத்து குழந்தையைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லும் இடங்களும் பல. ஆகவே உங்களைக் காப்பது இன்சூரன்ஸும், கரையில் நிற்கும் மீட்புப் பயிற்சி பெற்ற ஆளும்தான். பழைய இழப்பீட்டுக் கோரிக்கைகளின் பட்டியலை விற்பவர் மூலமாக இன்சூரன்ஸ் கம்பெனியிடமே எழுதி வாங்குங்கள். படகுத் தொழிலில் முன் அனுபவம் இல்லாத உங்களுக்கு அதே பிரீமியத்தில் பாலிசி தருவார்களா என்று இப்போதே கேளுங்கள். மீட்புப் பயிற்சி பெற்ற அந்த மேற்பார்வையாளர் ஒன்பது ஆண்டாக அங்கே இருக்கிறார் என்கிறீர்கள். அவர் உங்களோடு தொடர்வாரா? அவர் இல்லாமல் அனுமதி கிடைக்குமா? அவரிடம் இதுவரை யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். கடன் கம்பெனியின் பெயரில் என்பதால் வீடு தப்பிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டை அடமானமாகக் கொடுத்த பிறகு கடன் யார் பெயரில் இருந்தாலும் ஒன்றுதான். தவணை நின்றால் வங்கி வீட்டைத்தான் பார்க்கும்.

எப்போது கை மாறுவது?

சீசன் முடிந்த மறுநாள் வாங்கினால் அந்த ஆண்டு வரவு முழுவதும் விற்பவர் பையில். அடுத்த எட்டு மாதக் குத்தகை, இன்சூரன்ஸ், படகு வைக்கும் கொட்டகை வாடகை, பழுதுபார்ப்பு எல்லாம் உங்கள் தலையில். எட்டு மாதம் ஓய்வு என்று கணவர் நினைப்பதும் அப்படியே நடக்காது. படகுகளைச் சரிசெய்வது, அனுமதிகளைப் புதுப்பிப்பது, ஆள் தேடுவது, பள்ளிகளில் போய்க் குழுப் பதிவு வாங்குவது எல்லாமே அப்போதுதான். சீசனுக்கு முன் வாங்கினால் வரவு உடனே வரும், ஆனால் கற்றுக்கொள்ள நேரம் இல்லை, சரிபார்க்கவும் நேரம் இல்லை. ‘உடனே முடியுங்கள்’ என்று விற்பவர் அவசரப்படுத்துவது இந்தச் சரிபார்ப்புக்கு இடம் கொடுக்காமல் போகிறது.

நான் சொல்வது இது. இப்போது நிபந்தனையோடு ஒப்பந்தம் மட்டும் போடுங்கள். இந்தச் சீசனை அவரே நடத்தட்டும், நீங்கள் இருவரும் முடிந்த வார இறுதிகளில் கூட நின்று வேலை செய்யுங்கள், தினக் கணக்கை நீங்களும் எழுதுங்கள். சீசன் முடிவில் வரும் நிஜ எண்ணை வைத்து விலையை இறுதி செய்து கை மாற்றுங்கள். சீசன் இல்லாத மாதங்களின் செலவை இருவரும் எந்த விகிதத்தில் ஏற்பது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். இதற்கு அவர் ஒத்துக்கொள்ளாமல், சீசனுக்கு முன்பே முடித்தாக வேண்டும் என்றால், விலையில் கால் பங்கையாவது நிறுத்தி வையுங்கள். வரவு அவர் சொன்ன அளவுக்கு வந்தால் சீசன் முடிவில் அது அவருக்கு; வராவிட்டால் அதே விகிதத்தில் குறையும். முதல் ஆறு வாரம் அவர் உங்களோடு கரையில் நிற்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். சொல்லும் எண்ணில் நம்பிக்கை உள்ளவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

கை மாறும் பட்டியலில் மறந்துபோகும் சிலவும் உண்டு. அவர் இந்தச் சீசனுக்கு ஏற்கெனவே விற்றுவிட்ட சீசன் பாஸ்கள், பரிசுக் கூப்பன்கள், பள்ளிகளிடம் வாங்கிய முன்பணம்: காசு அவரிடம், சவாரி உங்களிடம். மொத்தத்தையும் விலையில் கழிக்க வேண்டும். விளம்பரப் பலகையில் உள்ள போன் நம்பர் அவருடைய சொந்த நம்பர் என்கிறீர்கள். அந்த நம்பர், இணைய முகவரி, மேப்பில் உள்ள பக்கம், அதில் சேர்ந்த விமர்சனங்கள் எல்லாம் பெயர் சொல்லிப் பட்டியலில் ஏற வேண்டும். பிறகு, அவரோ குடும்பத்தாரோ அதே ஏரியில் இத்தனை ஆண்டுக்குப் போட்டித் தொழில் தொடங்கக் கூடாது என்ற ஷரத்து. ஓய்வு பெறுகிறவருக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். அண்ணன் மகன் ஒருவர் அங்கேயே வேலை செய்வதாக நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். எல்லையும் காலமும் நியாயமாக இருந்தால், தொழிலை விற்றவர் மேல் போடும் இந்தத் தடையை நீதிமன்றங்கள் பொதுவாக மதிக்கின்றன.

உங்கள் கணவரோடு

நீங்கள் குறுக்கே நிற்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கிறீர்கள், அவ்வளவுதான். அவருடைய ஆசையையும் தள்ளிவிட வேண்டாம். இருபது வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்தவருக்கு வெயிலில் நின்று தொழில் செய்யத் தோன்றுவது புரிகிறது. விலையும் குத்தகையும் சரியாக அமைந்தால் இது நடத்தக்கூடிய தொழில்தான். அவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்குப் பதில், எந்த நிலையில் வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். குத்தகை 5 ஆண்டுக்குக் கிடைக்கவில்லை என்றால், படிவக் கட்டை எண்ணியதில் வரவு 100-க்குக் கீழே வந்தால், விலை 96-க்கு மேல் போனால் விட்டுவிடுவது என்று நான் எழுதுவேன். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். பேரத்தின் சூட்டில் மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

வேலையை இந்த ஆண்டு அவர் விட வேண்டாம். வீட்டை அடமானம் வைப்பதற்குப் பதில், விலையில் ஒரு பங்கை விற்பவரே இரண்டு, மூன்று சீசனில் தவணையாக வாங்கிக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள். அப்படி ஒத்துக்கொண்டால் தொழில் ஓட வேண்டும் என்ற அக்கறை அவருக்கும் இருக்கும்.

காத்திருக்கும் அந்த இன்னொரு பார்ட்டியைப் பற்றிப் பதற வேண்டாம். இருந்தால் அவர்களும் இதே பத்திரத்தைத்தான் படிக்க வேண்டும். 2 ஆண்டுக் குத்தகையும், விற்பவரின் சொந்தப் பெயரில் அனுமதியும் உள்ள தொழிலுக்கு 140 கொடுக்க ஆள் வந்தால், கொடுக்கட்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் குத்தகையைப் பற்றி விசாரிக்க விற்பவருடைய சம்மதக் கடிதம் ஒன்று தேவைப்படும். இந்த வாரம் அதை மட்டும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் முன்பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதிவிடலாம்.